முப்பத்தேழாவது வண்டி

மேடையில் இருக்கும் பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் குடும்பத்தாரே, நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் ஓட்டுநர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். சரக்கு வண்டி ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் நிற்பது அந்த முறையில் அல்ல. நம் ரசமட்டம் அக்காவை அவருடைய பட்டறையிலேயே, பத்துப் பேர் முன்னால், வாய்க்கு வந்தபடி திட்டியவன் என்ற முறையில் நிற்கிறேன். அந்தத் தகுதி இந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

அக்காவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக அதன் தளத்தில் ரசமட்டத்தை வைத்து, குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். அடுத்து ஒரே கேள்வி: "எவ்வளவு ஏத்துறீங்க?" நாம் என்ன சொல்வோம்? "ரெண்டு டன்தான்க்கா." அக்கா பின்சக்கரத்தை ஒருமுறை பார்ப்பார். "எங்கிட்ட ரெண்டுன்னு சொல்லலாம். ஸ்பிரிங் பட்டைகிட்ட சொல்ல முடியுமா?" இரண்டு உடனே இரண்டரையாகும். டாக்டரிடம்கூட நாம் அவ்வளவு உண்மை பேசியதில்லை.

பின்பக்கம் தரையைத் தொட, முன்விளக்கு வானத்தைப் பார்க்க, ஒரு குழியில் இறங்கினால் நமக்கு உயிர் போய் உயிர் வர ஓடிய வண்டிகளை நிமிர்த்தியது யார்? அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுப்பை பொருத்தி, பாரத்துக்கு ஏற்றபடி காற்று அடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? "பை போட்டா வண்டி நிமிரும், எடை குறையாது. அளவுக்கு மேல ஏத்துறதுன்னா எங்கிட்ட வராதீங்க" என்று ஒவ்வொருவரையும் கண்டித்து அனுப்பியது யார்? நம் ரசமட்டம் அக்காதான்.

இனி நான் திட்டிய கதை. என்னுடையது கண்ணாடி ஏற்றும் வண்டி, அதற்குப் பை போட்டதும் அக்காதான். நடுவே சாய்வுச் சட்டம். அதன் இருபுறமும் கண்ணாடிப் பலகைகள் நிற்கும். அன்று வலப்பக்கத்துக் கண்ணாடி முழுவதையும் ஒரு கடையில் இறக்கிவிட்டு, இடப்பக்கப் பாரத்தோடு கிளம்பினேன். ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி சாய்ந்தது. நிமிரும் என்று பார்த்தால் இன்னும் சாய்ந்தது. கட்டு அறுந்து இருபத்திரண்டு பலகைகள் சாலையில் நொறுங்கின. பக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு வேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நேரே பட்டறைக்குப் போய்க் கத்தினேன். "ஒரு பக்கமா இறக்கினது உன் தப்பு" என்று அக்கா சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் உண்டு. சொல்லவில்லை. வண்டியின் இடப்பக்கம் மட்டும் மணல் மூட்டைகளை அடுக்கச் செய்து, அடியில் படுத்துப் பார்த்தார். இரண்டு பைகளையும் ஒரே குழாய் இணைத்திருந்தது. அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் பொருத்தினார்கள். பாரம் விழுந்த பை நசுங்கியதும் அதன் காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடிவிட்டது. தாங்க வேண்டிய பக்கம் இறங்கியது, சும்மா இருந்த பக்கம் எழும்பியது. முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார். "தப்பு என்னோடதுதான்பா" என்றார். பிறகு மெதுவாக, "இதே மாதிரி முப்பத்தேழு வண்டிக்குப் போட்டிருக்கேன்" என்றார்.

சக பட்டறைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? மேடையில்தான் இருக்கிறார்கள், மறுக்கட்டும் பார்க்கலாம். "வெளிய சொல்லாதீங்கக்கா, கடை படுத்துடும்" என்றார்கள். மறுநாள் காலை பட்டறை வாசலில் பலகை தொங்கியது: "இரண்டு பைக்கும் ஒரே குழாய் வைத்தது என் தவறு. வண்டியைக் கொண்டு வாருங்கள், பிரித்துத் தருகிறேன்." கடை படுத்ததா? வரிசை தெருமுனை வரை நின்றது. தன் தவறைத் தானே எழுதி மாட்டுகிற ஆளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வராத வண்டிகளை அக்காவே தேடிப் போனார். கல்குவாரியில் ஒருவர், "நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நோண்டுறீங்க? வேணும்னா நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் டைம்" என்றார். "மெதுவா மென்னு சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே அக்கா அடியில் நுழைந்தார். சாப்பிட்டவர் கை கழுவி வரும்போது இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. இப்படியே முப்பத்தாறு வண்டிகள் முடிந்தன.

மிச்சம் ஒன்று. நாலு கை மாறிய வண்டி. பழைய ஓனர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் வேறொருவரைக் காட்டுவார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அக்கா அந்த வண்டியைத்தான் தேடினார். அவருடைய கணவர், நம் எல்லோருக்கும் மாமா, போனைக் காதில் பிடித்துக்கொள்ள, "வண்டி இன்னும் ஓடுதா? என்ன ஏத்துறாங்க?" என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்பார். "விடுங்கக்கா, முப்பத்தாறு முடிச்சாச்சே" என்றேன் ஒருநாள். "அந்த முப்பத்தாறும் பத்திரமா இருக்கு. அதப் பத்தி நான் எதுக்குக் கவலப்படணும்?" என்றார். சென்ற வாரம் நம்மை விட்டுப் போனார், அந்த வண்டி கிடைக்காமலே போனார். எனக்கு அது தாங்கவில்லை, இப்போதும் தாங்கவில்லை.

தோழர்களே, அக்கா மறைந்த செய்தியைப் படத்தோடு நம் ஓட்டுநர் குழுவில் போட்டோம். அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிற்று. இன்று காலை இங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர். "இந்தம்மா பட்டறைப் பேர் போட்ட தகடு என் வண்டிக்கு அடியில இருக்குங்க. ரெண்டு பைக்கும் ஒரே டியூப்தான். ஒரு பக்கம் இறக்கினா பயமாத்தான் இருக்கும், யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல" என்றார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் அண்ணா, எல்லோரும் பார்க்கட்டும். முப்பத்தேழாவது வண்டி வந்துவிட்டது. மண்டபத்துக்கு வெளியே நிற்கிறது.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரையும் கை தூக்கச் சொல்வது வழக்கம். இன்று தூக்க வேண்டாம், கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த அண்ணா நாளைக் காலை சுமை ஏற்ற வேண்டும். மாமா வீட்டிலிருந்து இரண்டு வால்வும் குழாயும் கொண்டு வந்திருக்கிறார். இந்த ஒரு வண்டிக்கென்று அக்கா எடுத்து வைத்தவை. பட்டறைத் தோழர்கள் அடியில் படுக்கட்டும். ஓட்டுநர்கள் ஒரு பக்கமாக மூட்டை அடுக்கிச் சோதித்துப் பார்க்கட்டும். மௌன அஞ்சலிக்கு ஒரு நிமிடம் போதாது. வேலை முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

அதன் பிறகு அக்காவைப் பற்றி நாம் ஒன்று சொல்லலாம், மறுக்க ஆளிருக்காது. தான் செய்த தவறில் ஒன்றைக்கூட யார் தலையிலும் விட்டுவைக்காமல் போனவர் அவர். மாமா, எழுந்திருங்கள். நீங்கள் முன்னால் நடங்கள், நாங்கள் வருகிறோம்.