பொட்டி முன்னாடி இருந்த எடம்

இல்ல தம்பி, ஸ்பீக்கர் பொட்டிய சீட்டுப் பக்கம் திருப்பாதீங்க. அப்படி வச்சா சத்தம் சுத்தமா வரும்னு நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும், நாள் பூரா கார்ல ஸ்பீக்கர் மாட்டறவரு நீங்க. எனக்கு சுத்தமா வர வேணாம். முன்னாடி எப்படி வந்துச்சோ அப்படி வரணும். ஆறு மணிக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கழட்டினது நான்தான். வீட்டுக்காரிக்கு இடுப்பு எலும்புல ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும்னா சக்கர நாற்காலி டிக்கியில அடங்கல. வயர உருவி, பெல்ட்ட அவுத்து, பொட்டியத் தூக்கி வெளிய வச்சேன். ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கலாம். எனக்கு எங்க அந்த மூளை? வருஷக்கணக்கா அந்தப் பொட்டியத் திட்டினவன் நான். வண்டி தெருமுனை திரும்பும்போதே சமையக்கட்டுல தட்டெல்லாம் ஆட ஆரம்பிச்சிடும். ஊரையே எழுப்பணுமாடான்னு கத்துவேன். அவ மட்டும் சிரிச்சுக்கிட்டே அடுப்பப் பத்த வைப்பா, புள்ள வந்துட்டான்னு.

ஆமா, புள்ள வண்டிதான்.

மூணு நாளா நானே மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டேன். டிக்கி கதவுலேருந்து ஒரு சாண் தள்ளி, அப்பறம் நாலு விரல் தள்ளி, நேத்து இடது ஓரமா. வச்சிட்டுத் தெருவ ஒரு சுத்து சுத்தி வருவேன். அவன் போடற அதே பாட்டு, அதே சத்தம். சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு, யாரு வண்டிங்க அதுன்னு கேக்கறா. தட்டு ஆடலியே, அவனா இருக்காதுங்கறா.

அந்த நம்பர் பிளேட்டுக்கு ரப்பரெல்லாம் வேணாம் தம்பி. கடகடங்கும், கடகடங்கட்டும். அதுவும் சேந்துதான் அவன் வண்டி.

உங்களுக்கு விளையாட்டா இருக்கு. அவ மூணு நாளா மாத்திரையத் தொடல. சாப்பாட்டக் கொண்டு போனா மூஞ்சியத் திருப்பிக்கறா. அவன் வரட்டும், அவன் வண்டிச் சத்தம் கேட்டாதான் வாயத் திறப்பேன்னு ஒரே பிடிவாதம். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவ காலப் புடிச்சுக் கூடக் கெஞ்சிப் பாத்துட்டேன்.

போன் போட்டுப் புள்ளகிட்டயே கேக்கறதா?

அவன் இல்ல தம்பி. அவ ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே போயிட்டான். வேலை செய்யற எடத்துலயே நெஞ்சு வலி, முப்பத்திரண்டு வயசு. நானும் என் தம்பியும் எல்லாக் காரியத்தையும் முடிச்சிட்டு, வெளியூர் வேலை, வண்டியும் இப்ப அவன்கிட்டதான்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கோம்.

இன்னிக்கு சரியாக் கேட்டுச்சுன்னா மாத்திரையப் போட்டுக்குவா. அப்பறம், எங்க அவன், உள்ள வரச் சொல்லுங்கன்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்றதுன்னு நான் இன்னும் யோசிக்கல. நீங்க பொட்டிய இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க.