ஆறாம் கட்டத்துப் பச்சை நூல்

எஸ்.ஐ. அம்மா, இதை நீங்கள் மட்டும் படியுங்கள். வேறு யாருக்கும், முக்கியமாக என் அப்பாவுக்கு, காட்ட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

என் பெயர் அனுஜா. வயது பதினாறு. பதினோராம் வகுப்பு. தகப்பனார் ரோச், கொத்தனார். ஊர் ஆலந்தலை, கோயில் தெரு.

எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்துக்குத் தரை போடும் வேலையைக் காண்டிராக்டர் பாண்டித்துரை அப்பாவிடம் கொடுத்திருந்தார். தரையின் ஆறு சதுரக் கட்டங்களில் ஐந்து போட்டு முடிந்தபோது, கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றில் ஐந்தும் காய்ந்து வெடித்தன. அப்பா சிமெண்டைத் திருடிவிட்டதாகக் காண்டிராக்டர் சொன்னார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

ஈரம் போகப் போகச் சிமெண்ட் சுருங்கி வெடிக்கும், நடுவில் பொடி நார் கிடந்தால் வெடிப்பை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று அறிவியல் கண்காட்சிக்காகப் படித்திருந்தேன். அதன் பிறகு ஜெர்சன் சித்தப்பா கழித்துப்போட்ட பச்சை நைலான் வலையை எடுத்து, உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, முடிச்சுகளை நீக்கி, அரை அங்குலத் துண்டுகளாக வெட்டினேன். முதல் முறை கலவையில் மொத்தமாகப் போட்டதில் நூல் உருண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் முறை உதிர்த்துத் தூவினேன். டிபன் பாக்ஸ் மூடியில் காய்ந்த அந்தக் கலவை வெடிக்கவில்லை.

அதன் பிறகு ஜூன் பன்னிரண்டாம் தேதி, ஆறாம் கட்டம் போடும் அன்று, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நண்பகலில் கோயில் மணி அடித்ததும் அப்பாவும் ஆட்களும் பூச்சுக்கரண்டியைக் கீழே வைத்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, கண்மூடித் திரிகால ஜெபம் சொன்னார்கள். அவர்கள் கண் திறப்பதற்குள், தண்ணீர் ஊற்றாத கலவையில் இருநூறு கிராம் நூலையும் தூவிப் புரட்டிவிட்டேன். நான் ஜெபம் சொல்லவில்லை. எங்கள் கரை மணலில் வலைத்துணுக்கு கிடப்பது வழக்கம் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை காண்டிராக்டர் வந்து, ஆறாம் கட்டத்தில் துருத்திக்கொண்டிருந்த நூலை நகத்தால் இழுத்துப் பார்த்து, "ஏலே ரோச், சிமெண்ட வித்துத் தின்னுட்டு வலக்குப்பையக் கொட்டியிருக்க" என்றார். அதன் பிறகு, நாளை பத்து மணிக்கு அப்பா ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் நான் தனியாகப் போய் ஆறு கட்டங்களிலும் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து கட்டங்களில் வெடிப்புகள் தண்ணீரைக் குடித்துக் கறுத்தன. ஆறாம் கட்டத்தில், அம்மா, ஒரு மயிரிழை கூட இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். இல்லை. பன்னிரண்டு நாள் கச்சான் அடித்தும் இல்லை. ஆறுக்கும் அதே சிமெண்ட், அதே மணல், அதே கை. நூல் மட்டுமே புதிது. அதைப் போட்டது நான். அவர் குப்பை என்று சொன்ன கட்டம்தான் நிற்கிறது. நீங்களே வந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இதை யாரும் சொல்லித் தந்து நான் எழுதவில்லை. எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று கையெழுத்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் சத்தம். "ஏளா அனு, நீ ஊத்திட்டுப் போன பொறவு நானும் தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் வாரேன். அந்தப் பச்ச நூலு இன்னும் மிச்சம் கெடக்கா?"