கோட்டைத் தாண்டாத சிவப்பு

என் கையெழுத்து அழகாக இருக்கும் ஐயா. வார்டு வாசல் பலகையில் 'நோய்த்தொற்று இல்லாத நாட்கள்' என்று எழுதி, தினமும் எண்ணை மாற்றுவது நான்தான். என்னைப் போலவே தலைமை நர்ஸான எதிர் வார்டுக்காரிக்கு நாற்பது நாளைத் தாண்டத் துப்பில்லை. என் பலகை கண்ணில் படாமலிருக்க அவள் சுற்றுவழியில் போவாள். அதில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை.

சும்மா வந்த பெயர் அல்ல அது. கை கழுவாமல் நோயாளியின் காயக்கட்டைத் தொட வந்தால் பெரிய டாக்டரையே வெளியே அனுப்பியிருக்கிறேன். இருநூறு நாள் ஆனால் கேக் வெட்டுவதாக அவரே சொல்லியிருந்தார்.

பலகையில் 196. என் வார்டில் டெய்லர் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள், கட்டைப் பிரித்தால் தையலைச் சுற்றிச் சிவந்திருந்தது. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட வேண்டும். அது கோட்டைத் தாண்டினால் தொற்று என்று அர்த்தம்; டாக்டரைக் கூப்பிட வேண்டும், பலகை எண்ணும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். போட்டேன். மறுநாள் ஒரு விரற்கடை தாண்டியிருந்தது.

ஸ்பிரிட் பஞ்சால் கோட்டைத் துடைத்துவிட்டு, சற்றுத் தள்ளி வேறு கோடு போட்டேன். 'சிவப்பு கோட்டுக்குள்' என்று கேஸ் சீட்டில் எழுதினேன். பொய் இல்லையே.

மூன்றாவது கோடு போட்ட அன்று பெரியவர் உளற ஆரம்பித்தார். வயதானவர்களுக்குத் தொற்று ஏறினால் சில சமயம் காய்ச்சல் தலைகாட்டாது, புத்திதான் முதலில் தடுமாறும். புது நர்ஸுகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான். அவர் என் தோளைக் காற்றில் அளந்து, "கை இறுக்கமா தைச்சுட்டேன்மா, பிரிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

மகள் பதறினாள். "அப்பா இப்படிப் பேசவே மாட்டாரு சிஸ்டர். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"வயசாயிடுச்சுல்லம்மா, இடம் மாறினா அப்படித்தான். நீங்களே பாருங்க, கோட்டுக்குள்ளதானே இருக்கு?"

குனிந்து பார்த்தாள். என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மறுநாள் நான்காவது கோடு போட்டேன்.

இருநூறாம் நாள் காலை கேக் வெட்டினோம். எதிர் வார்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினேன். மதியம் பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

உடம்பைத் துடைக்கும்போது மகள் பார்த்திருக்கிறாள். ஸ்பிரிட்டுக்கு முழுதாக அழியாமல், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கோடுகள். அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

நான்கையும் போட்டது நான்தான். தெரிந்தேதான் போட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: கடைசிக் கோட்டை அந்தச் சிவப்பு தாண்டவே இல்லை.