சத்தம் நின்றால்

— ஏங்க, ரொட்டிய இப்பவே கட்டவா, சூடு ஆறட்டுமா?

— ஆறட்டும் புள்ள. சூட்டோட கட்டினா பஸ்ஸுல நசநசன்னு ஆயிரும். சம்பல தனியா வையி.

— நான் கட்டாயம் வரணுமாங்க?

— ஆரம்பிச்சிட்டியா ஜீவராணி! நேத்து சரின்னியே.

— நேத்து கடல் தூரத்துல இருந்துச்சு. இன்னைக்கி பஸ் வரப்போகுது.

— கஹவத்தையில பொறந்து, கஹவத்தையிலயே கொழுந்தெடுத்து, கடலப் பாக்காமயே கெழவியாகப் போறியா? கிறிஸ்மஸுக்கு ஆராய்ச்சிக்காரத் தொரைமாரெல்லாம் கொழும்புக்குப் போயிட்டாங்க. படகும் மிஷினும் எனக்கும் படகோட்டுற மஷூர் நானாவுக்கும் பொறுப்பு. நாளைக்கி பௌர்ணமி, போயா லீவு, ஒனக்கும் மலையில வேலயில்ல. இனி எப்ப இப்பிடி அமையும்?

— தண்ணிக்குள்ள கெடக்குறத காதால கண்டுபிடிக்கிறதாம்! லயத்துச் சனமே சிரிக்குது. "ஒம் புருஷன் சுரேந்திரன் மீனுகூட பேசுறானாமே, நம்மகிட்டதான் பேச மாட்டேங்குறான்"னு அழகம்மா கேக்குறா.

— மீனில்ல, திமிங்கிலம். நம்மள மாதிரி மூச்சு விடுற உசிரு. மலையில பனி மூடினா கங்காணி எங்க நிக்கிறாருன்னு அழகம்மா எப்பிடிக் கண்டுபிடிக்கிறாளாம்?

— அவரு கத்துறதுலதான். தலையத் திருப்பித் திருப்பிக் கேப்போம். எந்தப் பக்கம் பலமா விழுதோ அங்கிட்டு நிக்கிறாரு. நாங்க இங்கிட்டு போயிருவோம்.

— அதேதான்! நீட்டுக் குழாய் நுனியில ஒரு மைக்கு. அதத் தண்ணிக்குள்ள எறக்கி, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டுச் சுத்துவோம். எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் திமிங்கிலம். டிக், டிக், டிக்குன்னு, வெயிலுக்கு ரப்பர் காய் வெடிக்கிறாப்பல.

— அது வாயத் தொறக்காட்டி?

— அங்கதான் இருக்கு சங்கதி. ஆழத்துல இரை தேடுற வரைக்கும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னா மூச்சு விட மேல வருதுன்னு அர்த்தம். மஷூர் நானாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அப்பறம் கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு காத்திருக்க வேண்டியதுதான்.

— எனக்கு அதெல்லாம் வேணாங்க. படகுல ஏறவே மாட்டேன். அத்தன தண்ணிக்கு நடுவுல பலகைய நம்பி...

— சரி, ஏறாத. நானா வீட்டு வாசல்லயே கடல். அவரு பொஞ்சாதி லதீபா ராத்தாவோட மணல்ல உக்காந்திரு. நாங்க விடியப் போயிட்டு மத்தியானத்துக்கு வந்துருவோம்.

— நீங்களும் போகாதீங்களேன்.

— ராணி!

— அம்மாம் பெரிய உசிரு. வால ஒரு தட்டு தட்டினா படகு என்னாகும்? நீங்க தண்ணிக்குள்ள போயிட்டா நான் எங்கிட்டுன்னு தேடுவேன்?

— அதுக்கு நம்ம நெனப்பே கெடையாது. பயமா இருந்தா மணல்ல நின்னு, பனியில மலைக்கு மலை கூப்பிடுவியே, அப்பிடி ஒரு கூவல் போடு. தண்ணிக்குள்ள இருந்தாலும் கேட்டுட்டு வந்துருவேன்.

— பேச்சப் பாரு! ரொட்டி ஆறிருச்சு, கட்டுறேன். ஏங்க, மணல்ல உக்காந்தா கால்ல தண்ணி படுமா?

— நீ நீட்டினாத்தான் படும்.

*

— மஷூர் நானா, ஒங்க வீடு எங்க?

— அந்தா, சுரேன். பள்ளி மினாராவுக்கு இடப்பக்கம்.

— அங்க ஒண்ணும் இல்லையே.

— நானும் அதத்தான் பாக்குற. ரோட்டுத் தெரியுது பாருங்க. கடல்ல இருந்து ஒரு நாளும் ரோட்டுத் தெரியாதே. நடுவில நம்மட வீடெல்லாம் ஈந்திச்சே.

— அந்தா மெதக்குது ஒரு கதவு. பச்சப் பெயின்ட்.

— எங்கட கதவுதான். காலம படகு ஒருக்கா லேசாத் தூக்கிப் போட்டிச்சே, நெனவு ஈக்கா? திமிங்கிலம் அடியால போகுதுன்னு சிரிச்சீங்க.

— சிரிச்சேன்.

— திமிங்கிலமில்ல தம்பி. கடல்தான் நம்மட அடியால ஊருக்குப் போயீக்கி.

— நாம பொறப்படையில ராணி கால நீட்டி உக்காந்திருந்தா நானா.

— லதீபா பக்கத்தில நிண்டா. தேத்தண்ணிக் கோப்பையோட கை காட்டினா. யா அல்லாஹ்!

— எஞ்சின நிப்பாட்டுங்க.

— என்னத்துக்கு? குழாய என்னத்துக்கு எறக்குற? இந்தக் கரைத் தண்ணிக்குத் திமிங்கிலம் வாற இல்லயே!

— நிப்பாட்டுங்க நானா. பேசாம இருங்க. அவ கூவுவா.

— தம்பி...

— தெக்க டிக், டிக்குன்னு கேக்குது. காலையில கேட்டாப்பலயே.

— குழாயக் கரைப் பக்கம் திருப்புங்க.

— திருப்பிட்டேன்.

— என்னத்த கேக்குது? சொல்லுங்களே!

— சத்தமே இல்ல நானா. அப்ப மேல வந்துருவாங்கதானே?