என் கை நடுக்கம் நின்ற விதம்

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமே போடுவதில்லை, டாக்டர். எங்கள் வீட்டில் போடும். எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இப்போது சொல்வதில்லை, எனக்கும் மறந்துவிட்டது.

மாத்திரையைப் பற்றி மனம் விட்டுப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்தின் சுவடே என் ரத்தத்தில் இல்லை என்கிறீர்கள். இருக்காது. முதல் சில நாள் சாப்பிட்டேன். கடையில் நின்றபடியே தூங்கி விழுந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டுகிறவன் நான். சாணைக்கல் சுழலும்போது கண் அசந்தால் விரல் போய்விடும். அதோடு விட்டுவிட்டேன். அந்த மருந்து வேறொருவர் ரத்தத்தில் இருக்கிறது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தயங்குகிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதல் நாள், எதனால் பதற்றம் என்று கேட்டீர்கள். கேள்வி எனக்கு, பார்வை அக்காவுக்கு. உங்களைக் குறை சொல்லவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் நோயாளி சும்மா உட்கார்ந்திருப்பான், கூட வந்தவர்தான் பேசுவார். அக்கா கடகடவென்று ஒப்பித்தாள்.

"ராத்திரி தூங்கவே மாட்டேங்குறான் டாக்டர். கை நடுங்குது. லென்ஸெல்லாம் கீறுதுன்னு முதலாளி கத்துறாரு."

எல்லாம் உண்மை. காரணத்தை மட்டும் அவள் சொல்லவில்லை, ஏனென்றால் காரணமே அவள்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், அதை மறுக்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டினாயா, கேஸை மூடினாயா, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று வீடு முழுக்க அவள் குரல்தான். நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில் என்றால் எப்படிக் குணமாகும்?

மாத்திரையை அவளே என் உள்ளங்கையில் வைப்பாள். தண்ணீர் எடுக்கத் திரும்புவாள். அது போதும் எனக்கு. அவள் காப்பியை நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பாள். ஆறுவதற்குள் அது கரைந்துவிடும்.

வீடு அடங்கியது. என் கை நடுக்கம் நின்றது. "இப்ப எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்டபோது, நல்ல மருந்து டாக்டர், இன்னும் கொஞ்சம் கூட்டினால் தேவலை என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கூட்டிக் கொடுத்தீர்கள்.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். எந்த வார்டுக்கு எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒருநாள் பிரசவ வார்டைக் கேட்டவரைப் பிணவறைக்கு இணைத்துவிட்டாள். அவர் "பொறந்தாச்சா?" என்று கேட்க, அந்தப் பக்கம் இருந்தவர் "கையெழுத்துப் போட்டாத்தான் பாடியக் குடுப்போம்" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியே சிரித்தது. அக்கா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள், பாதியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மறந்துவிட்டாள். அதே தவறு மறுபடியும் நடந்தது. வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நானேதான் அவளை உங்களிடம் அழைத்து வந்தேன், நினைவிருக்கிறதா? இந்த முறை நோயாளி அவள், கூட வந்தவன் நான்.

"காப்பி கசக்குது டாக்டர்" என்றாள் அவள்.

"வாய்க்கசப்பு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறாங்களா?"

"தலைவலிக்குக்கூடப் போட மாட்டா டாக்டர்" என்றேன். அதுவும் உண்மை. அவளாக எதையும் போட்டுக்கொண்டதில்லை. ஞாபக மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். பார்த்துக்கொள்கிறேன். தலைவாரி விடுகிறேன். குளியலறை வரை கைபிடித்துக் கூட்டிப்போகிறேன். "நீ மட்டும் இல்லன்னா என் கதி என்னடா ஆகியிருக்கும்?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது, பாவம். தன் மூளை கரைந்துகொண்டிருக்கிறது என்று நம்புகிறாள்.

நீங்கள் லேப்காரரைப் பற்றிக் கேட்பீர்கள். அக்காவின் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர். அவள் ரத்தத்தை எடுத்துச் சோதித்து உங்களிடம் கொண்டுவந்தது அவராகத்தான் இருக்கும். நல்ல மனிதர். எனக்குக் கை நடுங்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், அக்காவைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா என்று வீடு தேடி வந்து கேட்டார். இந்த வயதில் தம்பியிடம் அனுமதி கேட்கிறாரே என்று அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அவர் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. எனக்குப் பரிபூரண சம்மதம் என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேதிகளை வைத்து முடிச்சுப் போடாதீர்கள்.

பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். ஒருமுறை அக்கா அவரை வாசலிலேயே நிறுத்தி, "யாரு வேணும் சார்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். துக்க வீட்டில் ஆட்டுவது மாதிரி.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். தினமும் கொடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. நான் கெடுதல் நினைக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

சமீபத்தில் மருந்துக்கடை மூடியிருந்ததால் இடையில் மாத்திரை தடைப்பட்டது. காலையில் அக்கா தெளிவாக எழுந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "டேய், நான் யாரையோ கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்துச்சுல்ல? யாருடா அது?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லக்கா. கனவு கண்டிருப்ப" என்றேன்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு அழவில்லை, கன்னத்தில் வழிய விட்டுக்கொண்டு சுவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் அழுதாள். அழுகிறவளை அப்படியே விட நான் என்ன கல்நெஞ்சனா, டாக்டர்? கடை திறந்ததும் வாங்கிவந்து, அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கரைத்துக் கொடுத்தேன்.