அம்மா சொல்லாமல் விட்ட அடி

“குத்திட்டான்! படுங்கோ!”

அம்மாவின் குரல். தம்பி சேவியர் அவரை முதுகிலிருந்து இறக்குகிறான். மணலில் முகம் புதைக்கிறோம். தூரத்தில் கேட்டது ஒரே ஒரு ‘டும்’. பிறகு அமைதி. அம்மாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. மாதாவின் அருள்நிறை மந்திரத்தில் பாதி. எறிகணை பின்னால் தென்னைகளுக்குள் வெடிக்கிறது.

எறிகணைகளை அம்மா அப்படித்தான் அளந்தார். குத்தி ஏவும் சத்தத்துக்கும் வந்து வெடிக்கும் சத்தத்துக்கும் இடையே பாதி மந்திரம் என்றால் கிட்ட. முழு மந்திரம் என்றால் எழுந்து நடக்கலாம்.

முல்லைத்தீவுக் கரையில் மருத்துவிச்சியாக இருந்தவர். பிறகு ஏழு ஆண்டுகள் இயக்கத்தின் சீருடையோடு போர்முனையில் நின்று காயக்காரருக்குக் கட்டுப் போட்டவர். இடுப்பில் துப்பாக்கி. கழுத்தில் செபமாலை. இரண்டையும் ஒரே துணியால் துடைப்பார். போரின் கடைசிப் பங்குனியில் வலது கால் முழங்காலோடு போனது.

வைகாசி. ஞாயிறு. காலை ஆறு இருபது. நீரேரியில் இறங்குகிறோம். தண்ணீர் இடுப்பளவு. அம்மாவின் மருந்துப் பெட்டி நழுவி அமிழ்கிறது. மறுகரையில் முள்வேலி. படையினர். ஒலிபெருக்கி.

“இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் பதியுங்கோ. பதிஞ்சா விடுவம்.”

அதே வசனம். பதினேழு தடவை எண்ணினேன்.

“அம்மா, மருத்துவிச்சி எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்ல என்னால ஏலாது, பிள்ளை.”

சொன்னார். பதிவு மேசைக்கு முன்னால் ஏழு ஆண்டுகளையும் சொன்னார். சேவியர் அவரைத் தாங்கி நின்றான். பதிந்துகொண்டிருந்தவனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவரைக்காய் விதையளவு. அம்மாவின் காலைப் பார்த்தான். சிரித்தான். சேவியரைக் கைகாட்டினான்.

“இது வேணாம். அது வா.”

சேவியருக்குப் பத்தொன்பது வயது. துப்பாக்கியைத் தொட்டதில்லை.

“அக்கா, அம்மாவைப் பிடி. விழப்போறா.”

அதுதான் அவனுடைய கடைசிச் சொல். பச்சை பஸ். மூன்றாவது யன்னல். கதவு இரண்டு முறை அடித்துச் சாத்தப்பட்டது.

அன்று மாலை முகாமில் செபமாலை சொன்னோம். பரலோக மந்திரத்தில், தீங்கு செய்தவர்களை மன்னிக்கும் அடி வந்தது. அம்மா நிறுத்தினார். ஒரு மூச்சு. பிறகு அடுத்த அடி. அதற்குப் பின் ஒரு நாளும் அவர் அந்த அடியைச் சொல்லவில்லை.

“எங்கட பாவத்துக்கும் அதுக்குள்ளதானே மன்னிப்புக் கேக்கிறம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியும். என்ர பாவம் என்னோட கிடக்கட்டும்.”

எதைப் பாவம் என்றார் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மை சொன்னதை.

பதினைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தார். பிடிவாதமாக இருந்தார். மருந்துக் குளிசை ஒரு வேளை தவறியதில்லை. “நான் சாப்பிடாட்டி அந்தத் தழும்புக்காரன் வெண்டிடுவான்” என்பார். ஊன்றுகோலோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினார். ஒவ்வொரு அதிகாரியின் கதிரைக்கு முன்னாலும் ஒரே விபரம். இடது புருவம். அவரை விதை. அவன் கூண்டில் நிற்பதைப் பார்த்தபின்தான் கண் மூடுவேன் என்றார். அவனைத் தேடி யாரும் போகவில்லை. அம்மாவின் வாக்குமூலத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

போன ஆவணியில் படுக்கையில் விழுந்தார். நோயில் பூசுதலுக்கு இளம் குருவானவர் வந்தார். குனிந்து, மிகுந்த அன்போடு கேட்டார்.

“மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, அம்மா. நிம்மதியாப் போகலாம்.”

“மகன் வந்து சொல்லட்டும், சுவாமி. அவன் சொன்னா மன்னிக்கிறன்.”

குருவானவர் மறுபடி கேட்கவில்லை. எண்ணெய் பூசினார். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு அம்மாவின் மூச்சு நின்றது.

அடக்கப் பூசையில் அந்த அடி வந்தது. கோயில் முழுவதும் சொன்னது. என் வாய் மூடிக்கொண்டது. இடது புருவத்தில் தழும்புள்ளவன் எங்கோ பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கலாம். கொஞ்சட்டும். அவன் முகத்தை இப்போது நான் வைத்திருக்கிறேன். அம்மாவைவிட எனக்கு வயது குறைவு.

இழந்தவை. நீரேரியில் மருந்துப் பெட்டி ஒன்று. வலது கால் ஒன்று. தம்பி ஒருவன், வயது பத்தொன்பது. அம்மா, வயது எழுபத்து நான்கு. பரலோக மந்திரத்தில் ஓர் அடி.