வள்ளம் அத்தானுடையது, படம் யாருடையது?

“…வள்ளம் எனக்க வள்ளம், மூஞ்சி எனக்க மூஞ்சி. பின்னே படம் மட்டும் எப்பிடிலே உனக்கதாவும்?”

பூவாரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். கேட்டவர் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். தோளில் சிவப்புத் துண்டு. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. போட்டோ ஸ்டுடியோக்காரர், மடியில் நெகட்டிவ் உறை.

“நீங்க வள்ளத்துல நிக்கிய மாதிரி ஞான் கேமராவுல பிடிச்ச படமாக்கும் அத்தான். ரிசார்ட்டுக்காரன் எங்கிட்ட ஒரு வாக்கு கேக்காம இன்டர்நெட்டுல போட்டிருக்கான். புதுசா தொடங்கின கம்ப்யூட்டர் கடையில எனக்க கண்ணால பாத்தேன். அடியில எனக்க பேரு கூட இல்ல. கேட்டா, இன்டர்நெட்டுல எங்கேயோ கெடந்துது, எடுத்தோம்னு செல்லுதான்.”

“கெடந்தா எடுக்கலாம்லா?”

“கூடாது. எங்க கெடந்தாலும் பிடிச்சவனுக்காக்கும் உரிமை. வக்கீல் போன்ல செல்லிட்டாரு.”

“செரி மக்கா. பிடிக்கும்போ நீ எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டியா?”

தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “கேக்கல்ல.”

“அவன் கள்ளன்னா, பின்னே நீ ஆருலே?”

எனக்கும் தலை சுற்றியது. இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே பட்டது.

“எனக்கும் ஒண்ணும் பிடிகிட்டல்ல அத்தான். ஆனா, படத்துல உள்ள ஆளு நீங்கதான்னு வக்கீல்ட்ட வந்து செல்லணும். நெகட்டிவ மட்டும் காட்டினா ஞான் பிடிச்சதுன்னு ஆரு நம்புவா?”

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டு வந்தது.

“உனக்க அக்காளுக்கு வேண்டியாக்கும் வாறேன்” என்று எழுந்தவர், “படத்துல துண்டு எப்பிடிலே கெட்டியிருந்தேன்?” என்று கேட்டார். தம்பி கையால் சுற்றிக் காட்டினார்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, அதேபோலத் தலையில் கட்டிக்கொண்டு, தம்பிக்கு முன்னால் இறங்கிப் போனார்.